அடுக்களை பச்சை

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் உலரவில்லை. பிளவுஸுக்கு ஹூக் வைக்கிற வேலை பாதியில் கிடக்கிறது. தையல்கடை அக்கா நாளைக்குக் கேட்பாள்.

பெரியப்பா வீட்டுக்குப் போய் வாட்சைச் சார்ஜில் போட்டேன். இனி தினமும் காலையில் இது என் வேலை. பழைய நோட்டு தீர்ந்துவிட்டது, இது புதிது. அதனால் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். அடுத்த வீடு, நடுவில் ஒரு வேலி மட்டும். பெரியம்மா போன வருஷம் இறந்ததிலிருந்து தனியாக இருக்கிறார். மகன் ஸ்டீபன் அண்ணன் மஸ்கட்டில். போன வாரம் அண்ணன் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பி வீட்டில் சாதனங்கள் வைத்தார். கையில் வாட்ச், அது நாடி பார்க்கும். மெத்தைக்கு அடியில் ஒரு பட்டை. பாத்ரூம் சுவரில் ஒரு வெள்ளை உருண்டை. அடுக்களையில், அரிசி பருப்பு வைக்கிற அலமாரிக் கதவில், தீப்பெட்டி அளவில் ஒன்று. அந்தக் கதவு திறந்தால் பெரியப்பா சமைக்கிறார் என்று அர்த்தமாம்.

எல்லாம் அண்ணனின் போனில் தெரியும். என் போனிலும். வாட்ச், கட்டில், பாத்ரூம், அடுக்களை. நாலு வட்டம். சரியாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு, கூடவே ஒரு கூவல் (வாட்ச் சார்ஜில் இருந்தால் மட்டும் கூவாது). கூவினால் நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

கூப்பிட்டு. சொல்ல. நான்!

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்று பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள். (அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் ஆள் வேண்டும் என்றுதான் எல்லோரிடமும் சொல்வது. அதுவும் உண்மைதான்.)

பெரியப்பா வாட்ச் கட்டின கையை நீட்டிக் காட்டினார். "பாத்தியா மக்கா. கல்யாணத்துக்குக்கூட எனக்கு எவனும் வாட்ச் கெட்டித் தரல்ல. இப்பமாக்கும் மாப்பிள ஆயிருக்கேன்."

தொண்டை கரகரவென்று இருந்தது. மழைச்சளி என்றார்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டு விட்டு.

அம்மா தொழிலுறப்பு (நூறுநாள்) வேலைக்குப் போகும் முன் மீன்குழம்பு வைத்தாள். முன்பெல்லாம் ஒரு கிண்ணம் வேலிக்கு மேலே போகும். அம்மா அங்கேயே நின்று கொஞ்சம் பேசிவிட்டும் வருவாள். இன்று (அம்மாவுக்குப் பெரியப்பா அத்தான்):

"அத்தானுக்கு அடுக்கள பச்சையா, பாரு."

"பச்சைதான்."

"அப்பம் அவரே கறி வச்சிருப்பாரு. எனக்கு வேலையில ஒப்பு போட நேரமாச்சு."

போய்விட்டாள். அப்பா வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறார், சனிக்கிழமைதான் வருவார். அவரும் போனில், "அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்றார். பச்சை என்றேன். "ஸ்தோத்திரம்" என்று வைத்துவிட்டார்.

ஒரு வார்த்தையில் முடிகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

கூவல். முதல் தடவை. ஊசியைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். வாட்ச் சிவப்பு. வீட்டுக்குள் ஆள் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்தார். பெரியம்மாவின் கல்லறை அங்கேதான். தூறலில் குந்தியிருந்து புல் பறித்துக்கொண்டிருந்தார். வாட்ச் துணி துவைக்கிற கல்லின் மேல். மண் படுமே என்று கழற்றி வைத்தாராம்.

அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டார். எடுத்தேன். வாய் திறக்கவில்லை.

"ஆரு, அஜிஷாவா? அப்பா எங்க? செல்லு பிள்ளே, அப்பாக்கு என்ன?"

போனைப் பெரியப்பா காதில் வைத்தேன்.

"சாகல்லடே. உனக்க அம்மைக்க பக்கத்துல இருந்து புல்லு பறிக்கேன்."

அண்ணன் கத்தியது எனக்கும் கேட்டது. "இதாக்கும் அப்பா நான் செல்லுயது! இன்னொரு தடவ இப்பிடி வந்தா நெய்யாற்றின்கரையில அந்த ஹோம்ல கொண்டு சேத்துருவேன். அங்க நர்ஸ் உண்டு, டாக்டர் உண்டு. வீட்டப் பூட்டிருவேன், கேட்டியளா?"

"சரிடே, சரி."

போனைத் திருப்பித் தந்தார். "இவள விட்டுப்போட்டு அங்க போய் நான் ஆருட்ட சண்ட போட?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நிற்க நேரம் எடுத்தது.

வாட்சைத் துடைத்துக் கட்டிவிட்டேன். பச்சை.

ஜூன் 27, வெள்ளி

வெயில்! துணி முழுதும் உலர்ந்தது. கறுப்பு நூல் வாங்க வேண்டும்.

பெரியப்பாவின் வாட்ச் பட்டை தொளதொளவென்று ஆடுகிறது. அடுத்த ஓட்டையில் மாட்டினேன். "ரப்பர் இளகும் மக்கா" என்றார்.

ஜூலை 5, சனி

நாளை முதல் ஞாயிறு, பிடியரிசி ஏலம். ஒவ்வொரு வீட்டிலும் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துச் சபைக்கென்று டப்பாவில் போடுவார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் சேர்ப்பது அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்குக் கால்வலி, அதனால் நான். வாசலில் நின்று கூப்பிட எனக்கு வராது என்று எல்லோருக்கும் தெரியும். டப்பாவை வெளிப்படியில் வைத்திருப்பார்கள். நல்ல ஜனங்கள்.

லில்லி சித்தி வீட்டில் பாதி டப்பா. மற்ற வீடுகளிலும் அப்படித்தான். பெரியப்பாவின் டப்பா (பெரியம்மா வைத்திருந்த பழைய பால்பவுடர் டின்) மூடி நிற்காமல் நிறைந்திருந்தது. மிச்சத்தை ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். தூக்கக் கை வலித்தது.

லில்லி சித்தி பார்த்துவிட்டாள். "ஒத்த ஆளுக்கு இம்புட்டா? அத்தான் இப்பமே மேல எடம் பிடிக்கியாரு போல."

"அவ இருக்கும்போ இதுலேருந்து அள்ளிக் கோழிக்குப் போட்டு ஏச்சு வாங்கினவனாக்கும் நான்" என்றார் பெரியப்பா. "எல்லாத்தயும் சேத்துக் குடுக்கண்டாமா?"

சித்தி சிரித்தாள். நானும்.

ஜூலை 6, ஞாயிறு

மேகம், மழை இல்லை.

ஏலம் கூறுவது எப்போதும் பெரியப்பாதான். பெரியப்பா கூறினால் பாறசாலை ரோட்டில் போகிற பஸ் நிற்கும் என்று சபையில் கேலி செய்வார்கள். இன்றும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். எழுந்து போய், ஒரு கையை அரிசிச் சாக்கின் மேல் வைத்து, "பிடியரி..." என்றார். அவ்வளவுதான் வந்தது. மறுபடி முயன்றார். காற்று மட்டும்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவர்: "மைக்கு கேடாக்கும்!"

இன்னொருவர்: "மைக்கு இல்லடே, ஆளாக்கும் பழசு!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். சபைச் செயலாளரின் மகன் ஏலம் கூறினான். சேவல், ஒரு கேக், தென்னங்கன்று, கடைசியில் பிடியரிசி. விலை ஏறாததால் அம்மா எடுத்தாள்.

திரும்பும் வழியில் லில்லி சித்தி, "தொண்டைக்கு என்ன அத்தான்? ஆஸ்பத்திரில காட்டப்பிடாதா?" என்றாள்.

அவர் வாட்சை உயர்த்திக் காட்டினார். "இது செல்லுது, ஒண்ணும் இல்லன்னு."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஜூலை 8, செவ்வாய்

ஏல அரிசி வடித்தோம். பிடியரிசி என்றால் எல்லா வீட்டு அரிசியும் கலந்துதான் இருக்கும். ரேஷன் வெள்ளை, பொன்னி, கொஞ்சம் சிவப்பு. ஒன்றுபோல வேகாது. இந்தத் தடவை சிவப்பே பாதிக்கு மேல். அது வேகட்டும் என்று வைத்ததில் வெள்ளை குழைந்து கூழாகிவிட்டது.

அம்மா நின்றபடி சாப்பிட்டாள். "இந்த உருண்டச் செவப்பு இஞ்ச அத்தான் வீட்டுல மட்டுந்தான் வாங்குவாவ. அவியளுக்கு வேற எறங்காது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

நானும் ஒரு வாய் தின்றேன். அப்புறம்தான் தோன்றியது: அவர் அரிசி இங்கே இருந்தால் அங்கே அவர் தின்பது எதை?

தட்டை மூடி வைத்துவிட்டு அங்கே போனேன். தினமும்தான் போகிறேன். ஆனால் சார்ஜர் முன்னறையில் இருக்கிறது. அடுக்களைக்குள் நான் கால் வைத்து எத்தனை நாளாயிற்று என்று நினைவில்லை. போன் கையில். அடுக்களை பச்சை.

கேஸ் அடுப்பின் மேல் எறும்பு வரிசை. சோற்றுப்பானை கவிழ்த்தபடி. நிமிர்த்தினேன், அடியில் பல்லி முட்டை. கழுவுகிற இடம் காய்ந்து வெள்ளைப் பூத்திருந்தது. ஒரு தேநீர் கிளாஸ். ரஸ்க் பாக்கெட்.

பெரியப்பா கதவருகே வந்து நின்றார்.

"பெரியப்பா, சோறு வைக்கல்லியா?"

பெஞ்சில் உட்கார்ந்தார். "வச்சா எறங்கணுமே மக்கா." தொண்டையிலிருந்து நெஞ்சுவரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இஞ்ச வந்து நின்னுடுது. தேத்தண்ணி போவும். ரஸ்க்க முக்கினா சிலப்பம் போவும்."

"எப்பம் முதல்?"

"ஈஸ்டருக்குப் பொறவு."

"பின்ன அந்த அரிசி?"

"காலத்த எந்திரிச்சா கை தானே அளக்குது. அளந்த பொறவுதான் நெனப்பு வருது, தின்ன ஒக்காதேன்னு. அளந்த அரிசியத் திரும்பச் சாக்குல கொட்டப்பிடாது. உனக்க பெரியம்மைக்க சட்டமாக்கும் அது. அப்பம் டப்பாவுல போட்டுருவேன். உச்சைக்கும் அப்பிடி. அந்திக்கும் அப்பிடி."

"அண்ணனுக்குப் பச்சைன்னு காட்டுது."

"தெரியும்." எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்தார். என் போனில் அடுக்களை வட்டம் ஒரு தடவை மின்னியது. "பாத்தியா. நான் சோறு தின்னுட்டேன்."

சிரிக்கச் சொல்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு வரவில்லை.

"ஸ்டீபனுக்குச் செல்லாத மக்கா. உனக்க பெரியம்மைக்குக் குழாயெல்லாம் போட்டு ஆஸ்பத்திரியில கெடத்துனாவ. கடைசியில ஒரு வார்த்த பேசிக்கிட ஒக்கல்ல. எனக்கு இஞ்ச கெடந்தா போதும்."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எப்போதும்போல வாய் மூடி நின்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

பெருமழை. கரண்டு இல்லை. ஹூக் வேலை இல்லை.

கஞ்சித்தண்ணீர் வடிகட்டிக் கொண்டுபோனேன். சில ஸ்பூன் போயிற்று. பிறகு எல்லாம் வெளியே வந்தது. நான் துடைக்கும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாட்ச் பட்டையில் இனி ஓட்டை இல்லை. ஊசியைச் சுட வைத்து நானே ஒன்று போட்டேன்.

மத்தியானம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் மலையாளத்தில் கூப்பிட்டாள். "அச்சன் ஓகே அல்லே? கிச்சன் ஆக்டிவிட்டி ஒக்கெ நல்லதாணு கேட்டோ." அப்பா நலம்தானே, சமையலெல்லாம் நன்றாக நடக்கிறது என்கிறாள். நான் "ம்" என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அடுத்த நிமிஷம் ஊர் முழுக்கத் தெரியும், அண்ணனுக்கும். அவரைக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால்?

போனில் "அண்ணா" என்று எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று தேநீரும் இறங்கவில்லை.

பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று போனார். திரும்ப எழ முடியவில்லை. கூப்பிடவும் சத்தம் இல்லை. நான் தற்செயலாக வேலிப்பக்கம் குப்பை கொட்டப் போனதால் பார்த்தேன். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். தூக்க முடிந்தது. ஈரத்துணி வாளியைவிடக் கனம் குறைவு. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு பெரிய ஆளை நான் தூக்கக் கூடாதே.

உள்ளே படுக்க வைத்துவிட்டு போனைப் பார்த்தேன். நாலு வட்டமும் பச்சை.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். நானாக ஒருவரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அண்ணா. பெரியப்பா சாப்பிடல்ல. பச்சை பொய்யாக்கும்."

"என்னது? ஆரு இது?"

"அஜிஷா."

"நீயா பேசுய?"

பிறகு எல்லாம் வந்தது. அரிசி, டப்பா, பல்லி முட்டை, பட்டையில் போட்ட ஓட்டை. எங்கே மூச்சு விட்டேன் என்று தெரியவில்லை. முடித்தபோது அண்ணன் அழுவது கேட்டது.

"தெனமும் அந்தப் பச்சையப் பாத்துட்டாக்கும் பிள்ளே நான் ஒறங்குவேன்."

ஜூலை 17, வியாழன்

அண்ணன் காலையில் வந்துவிட்டார். ஏர்போர்ட்டிலிருந்து வந்த அதே காரில் பெரியப்பாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்.

காரில் ஏற்றியபோது பெரியப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாட்சைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கோபமா என்று முகத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கார் போய்விட்டது.

வாட்ச் சிவப்பு, கூவல். நிறுத்தத் தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

உணவுக்குழாயில் புற்றாம். கீழேயும் பரவிவிட்டதாம். ஈஸ்டர் சமயத்தில் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

அம்மா அடுக்களையில் தரையில் உட்கார்ந்து, "வேலிக்கு அந்தப் பக்கமில்லா இருந்தாரு. வேலிக்கு அந்தப் பக்கம்" என்று அதையே சொல்கிறாள். மிச்ச ஏல அரிசி மூலையில் கிடக்கிறது. வடிக்கவும் மனமில்லை, கோழிக்குப் போடவும் மனமில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்.

மூக்கில் குழாய். இன்னொன்று வயிற்றில். அவர் எதை வேண்டாம் என்றாரோ அது. பேச்சு இல்லை. மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் வெளுத்து வட்டமாக.

எல்லோரும் வெளியே போனபோது அந்தக் கையைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

சொல்லியிருக்கக் கூடாதா? முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமா? இரண்டும் சரி என்று படுகிறது. இரண்டும் சேர்ந்து எப்படிச் சரியாக இருக்கும்?

ஆகஸ்ட் 4, திங்கள்

பெரியப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரியில். வெயில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெரியம்மாவின் பக்கத்தில் அடக்கம். புல் மறுபடி முளைத்திருந்தது. யாரும் பறிக்கவில்லை.

போதகர் அவருடைய ஏலச் சத்தத்தைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு மைக்கு கேடு என்றவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஆகஸ்ட் 16, சனி

ஸ்டீபன் அண்ணன் மஸ்கட் போனார். இத்தனை நாளும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அந்த அடுக்களைக்குள் போகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாவி அம்மாவிடம். சாதனங்களைக் கம்பெனி ஆள் வந்து எடுப்பானாம். வாட்சை என் கையில் பார்த்தார், திருப்பிக் கேட்கவில்லை.

போகும்போது அம்மாவிடம், "சித்தி, தூசி அடஞ்சிராம பாத்துக்கிடுங்க" என்றார். என்னிடம், "நீ பேசுனியே" என்று மட்டும்.

நன்றியா, வருத்தமா? கேட்க வாய் வரவில்லை. பழையபடி ஆகிவிட்டேன்.

பச்சைப் பிளவுஸுக்குப் பச்சை நூல் இல்லை.

செப்டம்பர் 6, சனி

நேற்று ஓணம். எதிர்வீட்டுப் பூக்களம் மழையில் கரைந்து கிடக்கிறது. கம்பெனி ஆள் இன்னும் வரவில்லை. அடுக்களை வட்டம் கூவி ஓய்ந்து சிவப்பாகவே கிடக்கிறது.

நாளை ஏலம். டப்பாக்கள் எடுக்கப் போனேன். அம்மா இப்போது எந்த வீட்டிலும் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு வராதே, உள்ளே போய் ஆளைப் பார்த்துவிட்டு வா என்கிறாள். போனேன். லில்லி சித்தி வீட்டில் பாயசம் தந்தார்கள். பெரியப்பா வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து சாவி எடுத்துத் திறந்தேன்.

உள்ளே பூட்டின வாசனை. அலமாரியைத் திறந்தேன். சாக்கில் சிவப்பு அரிசி. அதன் மேல் அளக்கிற டம்ளர், தலை வழித்து, நிறைய. கார் வந்த காலையில் அளந்தது. டப்பாவில் போட நேரம் கிடைக்கவில்லை.

திரும்பச் சாக்கில் கொட்டக் கூடாது. பெரியம்மாவின் டின்னை எடுத்து அதில் போட்டேன். அப்போது போன் அடித்தது. மஸ்கட்.

எடுத்தேன். அண்ணன், மெதுவாக:

"அடுக்கள பச்சை காட்டுது."

"நானாக்கும் அண்ணா. பிடியரிசி எடுக்க வந்தேன்."

அங்கே எங்கோ ஒரு வண்டி ஹாரன்.

"கதவ அடச்சிட்டியா?"

"இல்ல. அடைக்கப் போறேன்."

"அடைக்காத. கொஞ்ச நேரம் அப்பிடியே கெடக்கட்டு."

டின்னைப் பிடித்தபடி நின்றேன். அண்ணன்தான் முதலில் போனை வைத்தார்.

வீட்டைப் பூட்டினேன். அலமாரியை அடைக்கவில்லை. இதை எழுதும்போதும் பச்சை.